பந்தக்கால் சிவசாமி

கூடாரத்தின் முதல் காலை மட்டும் சிவசாமி யார் கையிலும் கொடுப்பதில்லை. லாரியிலிருந்து இரும்புக் கால்களும் கூரைத் துணி மூட்டைகளும் இறங்கிக்கொண்டிருக்கும். ஆட்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர் வடகிழக்கு மூலையில் குந்தி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துக் காலில் சுற்றுவார். இரண்டு மாவிலைகளைச் செருகி, ஈர மஞ்சளால் ஓர் இழுப்பு இழுத்து, அதன்மேல் குங்குமம் வைப்பார். பிறகு முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, “ஆங், இப்ப தூக்குங்கலா” என்பார். அதுவரை ஒரு கயிறு அசையக்கூடாது.

கல்யாண வீட்டில் பந்தக்கால் நடுவது ஊரறிந்த வழக்கம்தான். நல்ல நேரம் பார்த்து, வீட்டுப் பெண்கள் கூடி நின்று நடுவது. ஆனால் சிவசாமிக்குக் கல்யாணம், கருமாதி, பிறந்தநாள், பள்ளி விளையாட்டுப் போட்டி என்று பேதமில்லை. அவருடைய கேனபி, அதாவது வாடகைக் கூடாரம், போகும் இடமெல்லாம் பந்தக்கால்தான். மலாய்க்காரர் வீட்டுக் கெண்டூரி விருந்துக்குப் போனால் துணியைக் காலின் அடிக்குழாய்க்குள் திணித்துவிடுவார், வெளியே தெரியாது. தேவாலயத் திடலில் கூடாரம் போட்டாலும் அப்படித்தான். “மேல கூரை யாருக்குப் போட்டாலும் கால் நம்மளுதுலா” என்பார்.

இந்தப் பக்தி பிறவியிலேயே வந்ததல்ல. வருடங்களுக்கு முன்னால் உம்பாய்க் கடற்கரையில் ஒரு பிறந்தநாள் விருந்து. அவசரத்தில் மாவிலை கிடைக்கவில்லை, துணியும் கட்டவில்லை. சாயங்காலக் காற்றில் கேனபி அப்படியே எழும்பிப் போய்ப் பக்கத்துக் கடையின் சுட்ட மீன் தட்டுகள்மேல் உட்கார்ந்துவிட்டது. கயிற்றைச் சரியாக இழுத்துக் கட்டாததுதான் காரணம் என்று உடனிருந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். சிவசாமி ஏற்கவில்லை. அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் மஞ்சள் துணி இல்லாத நாளில்லை. அவருடைய சட்டைகள் அத்தனையிலும் இடது மார்பில் ஒரு மஞ்சள் கறை இருக்கும். எந்தச் சோப்புக்கும் அது அசைந்துகொடுப்பதில்லை என்பது அவர் மனைவி நிர்மலாதேவியின் நிரந்தரப் புகார்.

ரெம்பியாவுக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற மேட்டில் எழும்பிய குடியிருப்பில் இவர்கள் வீடு. சிவசாமி நெட்டையான ஆள், கொஞ்சம் முன்சாய்ந்த நடை. எந்தக் காலியிடத்தைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கி, எங்கே சமையல், எங்கே பந்தி, மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று மனசுக்குள் விருந்து போட ஆரம்பித்துவிடுவார். சாவு வீட்டுக்கு ஒரு குரல், கல்யாண வீட்டுக்கு ஒரு குரல் வைத்திருக்கிறார். சில சமயம் இரண்டும் மாறிப்போகும். மணப்பெண்ணின் அப்பாவிடம் கையைப் பிடித்துக்கொண்டு, “மனச தேத்திக்குங்கண்ணே” என்று சொன்னவர் அவர். அந்தத் தகப்பனுக்கு அன்றைக்கு அது தேவையாகவும் இருந்ததாம்.

தொழிலின் மற்ற பாதி நிர்மலாதேவியின் கையில். தொலைபேசியில் பேசித் தேதி குறிப்பது, “அண்ணே, உங்களுக்கு வெள்ளைக் கூரையா, தங்கக் கரை வச்சதா?” என்று கேட்பதெல்லாம் அவர்தான். முகம் தெரியாதவர்களுக்கும் அந்தக் குரல் தெரியும். இருவருக்கும் ஒரே ஓர் உல்லாசம் உண்டு. குடியிருப்பின் நடுவே உள்ள குளத்துப் பூங்காவில் காலை நடை. குளத்தைச் சுற்றிவந்து, மறுகரையில் தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுத் திரும்புவார்கள். சிவசாமி பேசுவார், நிர்மலாதேவி திருத்துவார்.

நிர்மலாதேவியின் இரத்த அழுத்தத்துக்கு டாக்டர் நீர் மாத்திரை எழுதிக்கொடுத்த பிறகு அந்த நடைக்கு வந்தது கேடு. பூங்காவில் கழிப்பறை கிடையாது. அவசரமென்றால் வீட்டுக்கு ஓடவேண்டும், அல்லது பெரிய சாலையைக் கடந்து எண்ணெய் நிலையத்துக்குப் போகவேண்டும். ஒருநாள் பாதி நடையில் திரும்பி வீட்டுக்கு விரைந்த நிர்மலாதேவி, அதற்குப்பிறகு நடைக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். கையில் பாட்டில் இருக்கும். போகும்போதும் நிறைந்திருக்கும், வரும்போதும் நிறைந்திருக்கும். அந்தத் தண்ணீரைச் சிவசாமி தினமும் வாசல் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றுவார். செடி மட்டும் தளதளவென்று வளர்ந்தது.

பிறகு ஒரு காலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிர்மலாதேவிக்குத் தலைசுற்றிக் கண் இருட்டியது. கிளினிக்கில் டாக்டர் பிடித்துக்கொண்டார். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடக்கக்கூடாது, ஆனால் நடக்காமலும் இருக்கக்கூடாது என்றார். நிர்மலாதேவி கேட்டுக்கொண்டு வந்து, தண்ணீரைக் குடித்தார், நடையை நிறுத்திவிட்டார். “வயசாச்சு, வீட்டுக்குள்ளயே நடந்துக்கிறேன்” என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். சிவசாமிக்கு அறுபது முடியும் ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. அறுபதாம் கல்யாணப் பேச்சை எடுத்தபோதும் நிர்மலாதேவி வேண்டாம் என்றார். மனையில் அத்தனை நேரம் எழாமல் உட்கார யாரால் முடியும் என்பதுதான் உள்காரணம். வெளியே சொன்னது, “இந்த வயசுல மாலையும் கழுத்துமா, சிரிக்க மாட்டாங்க?”

சிவசாமி தனியாக நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்தால் பேசுவதற்கு விஷயமிருந்தது, திருத்த ஆளில்லை. மனிதர் உண்மையாகவே வாடிப்போனார்.

அந்த நேரத்தில்தான் பூங்காவுக்கு ஒரு கழிப்பறை கட்டித்தருவதாக நகராண்மைக் கழகத்திலிருந்து சேதி வந்தது. இடத்தைக் குடியிருப்பாளர்களே பேசி முடிவு செய்யட்டும், செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கிறேன் என்று அதிகாரியம்மா புவான் ஹஸ்லிசா சொல்லியனுப்பியிருந்தார். நடைக் குழுவின் செயலாளர் கிளீட்டஸ் உடனே கூட்டம் கூட்டினார். தபால் நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். இருவர் நின்று பேசினாலும் அதற்கு ஒரு தலைவர் வேண்டும் என்று நினைப்பவர்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், பொதுக் கழிப்பறைக்கு இடம் பார் என்பதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். எல்லோருக்கும் கழிப்பறை வேண்டும். தன் பக்கத்தில் மட்டும் வேண்டாம். குளக்கரைப் புல்வெளியில் தைச்சி என்ற சீன உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆ லெக் ஒரே வரியில் முடித்தார். “தண்டாஸ் போலே. டெக்காட் தாக் போலே.” அதாவது கழிப்பறை வரலாம், கிட்டத்தில் வரக்கூடாது. மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடும் பயிற்சிக்குப் பக்கத்தில் அதைக் கட்டினால் என்ன ஆவது என்று மூக்கைப் பிடித்துக் காட்டினார்.

நுழைவாயில் பக்கம் என்றதும் மீனம்மா எழுந்தார். கேட்டுக்கு வெளியே வடையும் தேத்தண்ணியும் விற்கிறவர். அந்தப் பூங்காவில் பாதிப் பேர் நடப்பதே முடிவில் அவர் வடை இருக்கிறது என்ற தைரியத்தில்தான். “ஏன் தம்பி, வட திங்கிற எடத்துலதான் அது வேணுமா? நா கடைய தூக்கிட்டுப் போயிடவா?” என்றார். வடை போய்விடும் என்ற பயத்தில் கூட்டம் நுழைவாயிலை ஒருமனதாகக் கைவிட்டது.

கடைசியில் யாருக்கும் ஆட்சேபணை இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. குளத்தின் மறுகரை, தூங்குமூஞ்சி மரத்தடி. எல்லோருக்கும் தூரம் என்பதே அதன் தகுதி. சிவசாமியும் ஆரம்பத்திலிருந்து அந்த இடத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நிர்மலாதேவியின் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தால் கதவு தெரியவேண்டும் என்பது அவர் கணக்கு. வீட்டில் மூச்சுவிடவில்லை. கட்டி முடித்த பிறகு கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டவேண்டும் என்று வைத்திருந்தார். மாளிகை கட்டிக் காட்டியவர்கள் உண்டு. நம் ஆளின் சக்திக்கு இது.

“புவானுக்கு எடம் தெரியணும். ஒரு அடையாளம் வச்சிரு சிவா” என்றார் கிளீட்டஸ்.

“அது நம்ம வேலலா. நீ போய் வடயத் தின்னு.”

வியாழன் சாயங்காலம் சிவசாமி ஓர் இரும்புக்காலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அது ஆடி மாதம். ஊரில் கல்யாணம் கிடையாது. ஒரு மாதமாகக் கல்யாணக் கால் நடாத கை அரித்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் குழி பறித்துக் காலை நட்டார். நட்ட பிறகு கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. துணி சுற்றியாயிற்று, மாவிலை செருகியாயிற்று, மஞ்சள் இழுத்துக் குங்குமமும் வைத்தாயிற்று. தட்டிவிட்டு எழுந்து, திருப்தியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். தான் செய்தது என்னவென்று அவருக்கு உறைக்கவே இல்லை. பழக்கதோஷம் என்பது அதுதான்.

மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி.

விடிந்ததும் கடை போட வந்த மீனம்மா, குளத்துக்கு அப்பால் மரத்தடியில் மஞ்சளாக ஏதோ தெரிவதைப் பார்த்தார். போய்ப் பார்த்தார். மாவிலை, மஞ்சள் துணி, குங்குமம். ஆடி வெள்ளியில், பெரிய மரத்தடியில், இராத்திரியோடு இராத்திரியாக. வேறென்ன சாட்சி வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ஓர் அகல் கொண்டுவந்து ஏற்றினார். காற்று அணைத்துவிடாமல் பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி மறைப்பு வைத்தார். நடைக்கு வந்தவர்கள் வரிசையாக எலுமிச்சை வைத்தார்கள். ஆ லெக் நெடுநேரம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ஆரஞ்சும் மூன்று ஊதுவத்தியும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் மரத்தில் ஒரு மணி தொங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததாகத்தான் கேள்வி. இங்கே கழிப்பறைக்கு வைத்த குறி சாமியாகிவிட்டது.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சிவசாமி கோலா சுங்கை பாருவில் ஒரு பள்ளி விழாவுக்குக் கூடாரம் போடப் போயிருந்தார். திங்கட்கிழமை காலை குளத்தைச் சுற்றி வந்தவர் மரத்தடியில் சாம்பிராணிப் புகையைப் பார்த்து நின்றார். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“மீனம்மாக்கா, அது என் கேனபிக் கால்க்கா. நாந்தான் நட்டேன். தண்டாஸுக்கு அடையாளம்.”

மீனம்மா சிரித்தார். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. “நீ நட்டது சரி தம்பி. ஒன் கையில குடுத்து நட வச்சது யாரு?”

“கிளீட்டஸ்தான்க்கா.”

“அவரு சர்ச்சுக்குப் போறவரு. அவரு வாயில அந்த வார்த்தைய வர வச்சது யாருங்கிறேன்.”

இதற்குமேல் என்ன பேசுவது? சாட்சிக்குக் கூப்பிட்ட கிளீட்டஸ்கூட மரத்தடியைப் பார்த்துவிட்டு, “நா ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா. மத்தவங்க நம்பிக்கைல தலையிட்டா எங்க ஃபாதருக்குப் பிடிக்காது” என்று ஒதுங்கிக்கொண்டார். சிவசாமியே போய்க் காலைப் பிடுங்கலாம் என்று கையை நீட்டினார். குங்குமம் வைத்தது அவர் கைதான். ஆனால் எரிகிற அகலைப் பார்த்ததும் நீட்டிய கை கும்பிட்டுவிட்டது.

செவ்வாய்க்கிழமை புவான் ஹஸ்லிசா வந்தார். நல்ல பெண்மணி, நிதானமானவர். மரத்தடியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், ஆரஞ்சைப் பார்த்தார். இது கோயிலா, சீனர்களின் தோக்கோங்கா என்று மலாயில் மெல்லக் கேட்டார். கழிப்பறைக்கு வைத்த அடையாளம் என்று சிவசாமி சொன்னபோது அவர் முகத்தில் வந்த குழப்பத்தை எழுத்தில் கொண்டுவருவது சிரமம். வழிபாடு நடக்கிற இடத்தில் தன்னால் எதையும் கட்டமுடியாது, எதையும் அகற்றச் சொல்லவும் தனக்கு மனமில்லை என்றார். அடுத்த திங்கட்கிழமைக்குள் நீங்களே பேசித் தீர்த்து ஒரு சுத்தமான இடத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் இந்த வருஷக் கழிப்பறை வேறொரு பூங்காவுக்குப் போய்விடும் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சிவசாமி வீட்டுக்கு வந்தது சாவு வீட்டு நடையில். ஒளித்து வைத்த சந்தோஷத்தை இனி ஒளிக்க என்ன இருக்கிறது? மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மாவிலையில் ஆரம்பித்த நிர்மலாதேவியின் சிரிப்பு, ஆ லெக்கின் ஆரஞ்சில் கண்ணீராகி, புவான் ஹஸ்லிசாவிடம் வந்தபோது சுவரைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. வெகு நாட்களாகக் கேட்காத சிரிப்பு. சிவசாமிக்குத் துக்கத்திலும் அது இனித்தது.

பிறகு நிர்மலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “எந்த எடம்னு சொன்னீங்க?”

“நம்ம பெஞ்சுகிட்டத்தான். உனக்காகத்தான் நிர்மலா. எந்திரிச்சா ரெண்டு எட்டுல போயிரலாம்.”

நிர்மலாதேவியின் சிரிப்பு நின்றது. “கொளத்தச் சுத்தி அத்தன பேர் நடக்கிறாங்க. நா எத்தன வாட்டி எந்திரிச்சுப் போறேன்னு அவங்க பூரா பாக்கணுமா?”

நிர்மலாதேவி அதோடு விடவில்லை.

“நீங்க ஆம்பளைங்க உக்காந்து பேசுனீங்க. தூரமா வையி, தூரமா வையின்னு. தூரமா, மறவா, ஆளில்லாத எடத்துல வச்சா எந்தப் பொம்பள தனியா போவா? மீனம்மாக்கா ஒருத்தங்க இருந்தாங்க, அவங்களுக்கு வட கவல.” குரலில் கோபமில்லை. அதுதான் சிவசாமியை அதிகமாகச் சுட்டது. “பந்தக்கால் எங்க நடணும்னு பொண்ணு வீட்டுல கேக்காம நடுவீங்களா? இதுக்கு மட்டும் ஒரு வார்த்த கேக்கல.”

கேட்டிருக்கவேண்டும்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக மனைவியின் குரலை வைத்துத் தொழில் செய்தவர், இந்த ஒன்றை மட்டும் அவரிடம் கேட்காமல் அவருக்காகவே செய்யப் பார்த்தார். சிவசாமி எழுந்து போய் மனைவி எதிரில் குந்தி உட்கார்ந்தார், கால் நடும்போது உட்காருவதுபோல.

“சரி. இப்ப கேக்குறேன். எங்க வேணும்?”

“கேட்டுகிட்ட. வரும்போது ஒருவாட்டி, போகும்போது ஒருவாட்டி. காகிதப்பூ வேலி இருக்கு, மறப்பு. லைட்டு இருக்கு. மீனம்மாக்கா உக்காந்திருக்காங்க, தொண.”

“மீனம்மாக்கா விட மாட்டாங்க. அந்தக் காலையும் பிடுங்க விட மாட்டாங்க.” சிவசாமி தாடையைத் தடவினார். வாழ்நாளெல்லாம் எத்தனை பந்தக்கால் நட்டிருப்பார், எத்தனை பிடுங்கியிருப்பார். நட்டால் நட்டபடியேவா நிற்கிறது? அவர் முகம் மெல்ல மாறியது. “நிர்மலா, பந்தக்கால பிடுங்கக் கூடாதுன்னு எவனாவது சொல்லுவானா? விசேஷம் முடிஞ்சா சூடம் காட்டிப் பிடுங்கித்தான ஆகணும்?”

“விசேஷம் நடந்தாத்தான முடியும். யாருக்கு விசேஷம்?”

சிவசாமி தன்னையும் மனைவியையும் விரலால் சுட்டிக் காட்டினார். மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிர்மலாதேவிக்குப் புரிந்தபோது முகம் சிவந்துவிட்டது. முந்தானையால் விசிறிக்கொண்டு, “மொபைல் டாய்லட் ஒண்ணு வைக்கணும். நா சொல்ற எடத்துல” என்றார். அவ்வளவுதான் சம்மதம்.

சிவசாமி அன்று மாலையே மீனம்மாவிடம் போய் நின்றார். “அக்கா, நீங்க சொன்னது சரிதான். சாமிதான் நட வச்சிருக்கு. எனக்கு அறுபதாங் கல்யாணம். அதுக்குப் பந்தக்கால்தான் அது, எனக்குத்தான் வெளங்கல” என்றார். இதில் எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு சாமர்த்தியம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மீனம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, “நா அன்னிக்கே சொல்லல?” என்றார். விருந்துக்கு வடை தன் பொறுப்பு என்று அங்கேயே அறிவித்தார்.

பூங்காவில் கல்யாணம் நடத்தப் புவான் ஹஸ்லிசா அனுமதி கொடுத்தார். ஆவணி முதல் ஞாயிறு, குளக்கரையில் தங்கக் கரை வைத்த வெள்ளைக் கூரை எழும்பியது. ஓமம் கிடையாது, நீண்ட மந்திரம் கிடையாது. மாலை மாற்றித் தாலி கட்டி, பெரியவர்கள் ஆசீர்வாதம், பிறகு சாப்பாடு. நுழைவாயில் ஓரம், காகிதப்பூ வேலிக்குப் பின்னால், நிர்மலாதேவி கைகாட்டிய இடத்தில் மொபைல் டாய்லட் வந்து நின்றது. மீனம்மா அதைக் கண்டதும் இடுப்பில் கை வைத்தார். கல்யாணப்பெண் கேட்டது என்பதால் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மீனம்மா அங்கும் இங்கும் பார்த்துவிட்டு வேலிக்குப் பின்னால் போனார். வெளியே வந்தவர் முகத்தில் வேறொரு ஆள் இருந்தார். நிர்மலாதேவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோடு சொன்னார். “இத்தன வருசமா காலைல கடைய தொறந்தா மத்தியானம் வீட்டுக்குப் போய்த்தான் தாயி. அடக்கி அடக்கிப் பழகிட்டேன். இது இப்படி வாசப்படியில இருக்கலாம்னு எனக்கே தோணல பாரு.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. நிர்மலாதேவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இடம் அந்த நிமிஷத்திலேயே முடிவாகிவிட்டது. பாக்கியிருந்த சம்பிரதாயத்தை விருந்தாளியாக வந்திருந்த புவான் ஹஸ்லிசா நிறைவேற்றினார். பாயசம் குடித்துவிட்டு, தாழ்ந்த குரலில், இங்கே தண்டாஸ் எங்கே என்று கேட்டார். கேட்டவருக்கு ஒரே நேரத்தில் பல பெண்கள் ஒரே திசையில் கைகாட்டினார்கள். ஆ லெக் மூக்கைப் பிடித்துப் பார்த்து, நாற்றமில்லை என்று தன் கூட்டத்துக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கிளீட்டஸ் ஒலிவாங்கியைப் பிடித்து, தீர்மானம் முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது, நிறைவேறியது என்று மூன்றையும் தாமே சொல்லி முடித்தார்.

கடைசியில் எல்லோரும் மரத்தடிக்குப் போனார்கள். மீனம்மா சூடம் காட்டினார். சிவசாமி மாலையோடு குனிந்து காலைப் பிடுங்கினார். அது வரவில்லை. பத்து நாளாக ஊரே அபிஷேகம் செய்து ஊற்றிய தண்ணீரில் மண் இறுகிப்போயிருந்தது. மீனம்மா அர்த்தத்தோடு அவரைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருபுறமும் ஆட்டி, ஆ லெக்கும் கிளீட்டஸும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, மூவருமாகச் சேர்ந்து பிடுங்கியபோது கால் வந்த வேகத்தில் மாப்பிள்ளை மல்லாந்து புல்லில் விழுந்தார். அறுபதாம் கல்யாணத்தில் நல்லபடியாக எடுக்கப்பட்ட ஒரே புகைப்படம் அதுதான். வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள்.

கட்டட வேலை தொடங்கிய அன்று, நுழைவாயில் ஓரத்தில் குத்தகையாளர் முதல் முளையை அடித்தார். சிவசாமி சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தார். முளை இறங்கியதும் கை சட்டைப் பைக்குள் நுழைந்தது. நிர்மலாதேவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “வேணாம்” என்றார். கை வெளியே வந்தது.

தீபாவளிக்கு முன்னால் திறந்துவிட்டார்கள். நீலக் கதவு, காற்றுப் போக ஜன்னல், பிடித்துக்கொள்ளக் கம்பி. மீனம்மாவின் வடை வியாபாரம் குறையவில்லை. கேட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார் நிர்மலாதேவி. சிவசாமி கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெண்கள் கைப்பையை மார்போடு அணைத்தபடி, மீனம்மாவிடம் கதை பேசிக்கொண்டு நிற்கிறார். பிறகு இருவரும் குளத்தைச் சுற்றுகிறார்கள். அவர் பேசுகிறார், இவர் திருத்துகிறார்.

முதல் வாரத்தில் ஒரு காலை. தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, உம்பாயில் கேனபி பறந்த கதையைச் சிவசாமி யாருமே கேட்டிராததைப்போல மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். “மீனு இல்லங்க, கணவாய்” என்று திருத்திக்கொண்டே நிர்மலாதேவி பாட்டிலைத் திறந்து குடித்தார். நிதானமாக, அண்ணாந்து, ஊரே பார்க்கக் குடித்தார். மூடியைத் திருகி அவரிடம் நீட்டினார்.

கறிவேப்பிலைக்கு ஊற்றுவதற்காகக் கையை நீட்டி வாங்கியவருக்குப் பாட்டில் எடையில்லாமல் வந்தது. கதை பாதியில் நின்றது. சிவசாமி மூடியைத் திறந்து, பாட்டிலைத் தலைகீழாகத் தன் உள்ளங்கையில் கவிழ்த்து, தட்டித் தட்டிப் பார்த்தார்.